கண்ணால் மட்டும் படித்தால் வேதியியல் வராது

பல்கலைக்கழகத்தில் வேதியியல் எடுக்கும் மாணவர்களில் பலர் பள்ளியில் அந்தப் பாடத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள். முதல் பருவத் தேர்வில் தடுமாறியதும் தங்கள் திறமையையே சந்தேகிக்கத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு படிக்கும் முறையில்தான் இருக்கிறது. பாடத்தை இரண்டு மூன்று முறை வாசிப்பது, முக்கிய வரிகளுக்கு வண்ணம் தீட்டுவது, தேர்வுக்கு முந்தைய வாரம் உருப்போடுவது ஆகிய பழக்கங்களைப் பள்ளியோடு விட்டுவிட வேண்டும். இந்தப் பாடத்துக்குக் காகிதமும் பென்சிலும் வேண்டும்.

விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கணக்கை வாசிப்பதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் புரியும். பாடம் வந்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் இன்னொருவர் எடுத்துவைத்த அடியைப் பின்தொடர்வது வேறு, அடுத்த அடி எது என்று நாமே முடிவுசெய்வது வேறு. விடையை மூடிவைத்து இருபது நிமிடம் திணறுங்கள். எந்த இடத்தில் நின்றுபோனோம் என்று தெரிந்த பிறகு விடையைத் திறந்தால், தேவையான அந்த ஒரு வரி மனத்தில் ஆழமாகப் பதியும்.

கரிம வேதியியலில் உருப்போடும் பழக்கத்தின் விலை மிக அதிகம். வினைகளை ஒரு பட்டியலாக எழுதி மனப்பாடம் செய்பவர்கள் முப்பது வினைகள் வரை தாக்குப்பிடிப்பார்கள். நூறைத் தாண்டும்போது எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். வினைவழிமுறையை, அதாவது வினையில் எலக்ட்ரான்கள் படிப்படியாக நகரும் வழியை, கையால் வரைந்து பழகியவருக்கு அந்த நூறும் சில அடிப்படை அசைவுகளின் சேர்க்கை. மெத்தில் புரோமைடு மீது ஹைட்ராக்சைடு அயனி வினைபுரிவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அம்பு ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணையில் தொடங்கிக் கார்பனில் முடிகிறது. இரண்டாவது அம்பு கார்பன்–புரோமின் பிணைப்பில் தொடங்கிப் புரோமினில் முடிகிறது. அம்பு காட்டுவது எலக்ட்ரான் இணையின் பயணத்தை. ஆகவே அது எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் புறப்பட வேண்டும். எலக்ட்ரானே இல்லாத புரோட்டானிலிருந்து அம்பு வரைவது விடைத்தாள்களில் ஓயாமல் வரும் பிழை. அந்த ஓர் அம்பைப் பார்த்தாலே மாணவர் யோசித்து எழுதினாரா, நினைவிலிருந்து எழுதினாரா என்று தெரிந்துவிடும்.

அதே கார்பனில் மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தால், ஹைட்ராக்சைடு புரோமினுக்கு எதிர்ப்புறமாக, அதாவது பின்புறமாக, நெருங்க வழியில்லை. புரோமின் முதலில் விலகுகிறது, கார்பன் நேர்மின் அயனி உருவாகிறது, அதன் பிறகே நீர் வந்து இணைகிறது. கரைசலில் வலிமையான காரம் இருந்தால் நீக்கவினை (ஹைட்ரஜனும் புரோமினும் விலகி இரட்டைப் பிணைப்பு உருவாகும் வினை) முந்திக்கொள்ளும். எலக்ட்ரான் எங்கே மிகுதி, எங்கே பற்றாக்குறை, எது விலகத் தயாராக இருக்கிறது, வழியை எது அடைக்கிறது? இந்த நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு வினையிலும் கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும்.

இயற்பிய வேதியியலில் ஆளைக் கவிழ்ப்பது அலகு. நீர் ஆவியாவதற்கான என்தால்பி (அதற்குத் தேவையான வெப்பம்) மோலுக்கு 40.7 கிலோஜூல், என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றம் மோலுக்குக் கெல்வினுக்கு 109 ஜூல். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் கொதிநிலை கிடைக்க வேண்டும். 40,700-ஐ 109-ஆல் வகுத்தால் 373 கெல்வின், அதாவது நாம் அறிந்த 100 டிகிரி செல்சியஸ். கிலோஜூலை ஜூலாக மாற்ற மறந்தால் 0.37 கெல்வின் வருகிறது. நீர் தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிக் கொதிக்கிறது என்று பொருள்படும் அந்த எண்ணுக்கு அடிக்கோடும் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பதைக்கும். சூத்திரம் சரி, உழைப்பும் சரி. வந்த எண்ணை ஒரு கணம் நின்று பார்க்காததுதான் குறை.

லிட்டருக்கு 0.00000001 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்ட கரைசலின் பிஹெச் (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) என்ன என்ற கேள்வியும் இதே வகை. சூத்திரத்தில் போட்டால் 8 என்று வரும். அமிலத்தைச் சேர்த்த நீர் காரமாக மாறுமா? நீர் தானாகவே தரும் ஹைட்ரஜன் அயனிகளையும் கணக்கில் சேர்த்தால் 25 டிகிரி செல்சியஸில் விடை ஏறத்தாழ 6.98.

கணிதத்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. மடக்கையும் வகையீடும் தடுமாறினால் வினைவேகவியல் முழுவதும் இருட்டாகிவிடும்; முதல் மாதத்திலேயே அவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘பிணைப்பு உடையும்போது ஆற்றல் வெளிப்படுகிறது’ என்ற எண்ணத்தையும் உடனே களைய வேண்டும். பிணைப்பை உடைக்க எப்போதும் ஆற்றல் தேவை; புதிய பிணைப்பு உருவாகும்போதுதான் அது வெளிப்படுகிறது.

ஆய்வகத்துக்கு வருவோம். செய்முறையைச் சமையல் குறிப்புபோல வரிவரியாகப் பின்பற்றிவிட்டு வெளியேறுவது பெரிய இழப்பு, ஏனென்றால் அங்குள்ள ஒவ்வொரு விதிக்குள்ளும் வேதியியல் இருக்கிறது. ஒரு கரைசலின் செறிவை இன்னொரு கரைசலைக் கொண்டு அளக்கும் தரம்பார்த்தலில், துளித்துளியாகக் கரைசலை விடும் அளவுக் குழாயான பியூரெட்டை, அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை வாலைவடிநீரால் மட்டுமே அலச வேண்டும். ஏன் இந்த வேறுபாடு? பியூரெட்டில் முக்கியம் செறிவு. உள்ளே ஒட்டியிருக்கும் நீர் கரைசலை நீர்க்கச் செய்துவிடும். குடுவையில் முக்கியம் மோல்களின் எண்ணிக்கை. பிப்பெட் அளந்து விட்ட மோல்கள் எவ்வளவு நீர் சேர்ந்தாலும் மாறாது, ஆனால் கரைசலால் அலசினால் கணக்கில் வராத மோல்கள் உள்ளே தங்கிவிடும். இந்த ஒரு ‘ஏன்’ விளங்கினால் செறிவுக்கும் மோலுக்கும் உள்ள வேறுபாடு விரல்நுனியில் நிற்கும்.

நிரப்பி முடித்ததும் புனலை எடுத்துவிடுங்கள். அதில் தொங்கும் துளி பிறகு விழுந்து அளவைக் கெடுக்கும். பிறைத்தளத்தை (கரைசலின் வளைந்த மேற்பரப்பை) கண் மட்டத்தில் வைத்துப் படியுங்கள். அளவீடுகளைத் துண்டுக் காகிதத்தில் குறிக்காமல் நேராகக் குறிப்பேட்டில் பேனாவால் எழுதுங்கள். முதல் இரண்டு முறையும் 24.35, 24.40 மில்லிலிட்டர் வந்து மூன்றாவது முறை 24.90 வந்தால், அதை அழித்து 24.40 ஆக்க வேண்டாம். வந்ததை அப்படியே எழுதுங்கள். பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழ் இருந்ததா, முடிவுநிலையைத் தாண்டி அதிகமாக விட்டோமா என்று பாருங்கள். பிறகு நான்காவது முறை செய்யுங்கள்.