டெர்மினலில் வெளியீடு கொட்டும்போது செய்யக்கூடாதவை

லினக்ஸ் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி இயக்கும் சாளரத்தில், வரிகள் நிற்காமல் ஓடத் தொடங்கியதும் பலரும் பதற்றத்தில் சாளரத்தையே மூடிவிடுகிறார்கள். அப்போது இணைப்பு அறுந்ததற்கான சிக்னல் உள்ளே ஓடும் நிரல்களுக்குப் போகிறது. அதைத் தாங்க ஏற்பாடு இல்லாத நிரல், பாதி நகலெடுத்த கோப்போடு அங்கேயே முடிந்துபோகும்.

கண்ட்ரோல்-சி அழுத்தியும் ஓட்டம் நிற்கவில்லையே என்று அதையே பத்து முறை குத்துவதும் வீண். தொலைவிலுள்ள சர்வரில் வேலை செய்யும்போது, நிரல் நின்ற பிறகும் ஏற்கெனவே புறப்பட்டுவிட்ட எழுத்துகள் சில விநாடிகள் வந்துகொண்டுதான் இருக்கும். அதற்கு மேலும் நிற்காவிட்டால், எழுதுவது பின்னணியில் விட்ட நிரலா என்று பார்க்க வேண்டும். கண்ட்ரோல்-சி முன்னணி நிரலை மட்டுமே எட்டும். இங்கே பலர், தட்டுவது வெளியீட்டோடு கலந்து சிதறித் தெரிவதால் ஷெல்லுக்கு (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு) எதுவும் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக் கையை எடுத்துவிடுகிறார்கள். திரையில் எப்படித் தெரிந்தாலும் ஷெல் அதைச் சரியாகவே வாங்கிக்கொள்ளும். திரையைப் பார்க்காமல் எஃப்ஜி என்ற ஈரெழுத்துக் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்தினால், கடைசியாகப் பின்னணிக்குப் போன நிரல் முன்னே வரும்; பிறகு கண்ட்ரோல்-சி வேலை செய்யும்.

சேமிக்கும் பழக்கத்தில் கண்ட்ரோல்-எஸ் அழுத்திவிட்டு, டெர்மினல் உறைந்துவிட்டது என்று முடிவுகட்டுவோரும் உண்டு. அது வெளியீட்டை நிறுத்திவைக்கும் விசை. கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் மீண்டும் ஓடும்.

படக்கோப்பையோ சுருக்கிய கோப்பையோ, கோப்பிலுள்ளதை அப்படியே திரையில் கொட்டும் கேட் கட்டளையால் திறப்பது வேறு வகைத் தொல்லை. அதிலுள்ள 14 என்ற மதிப்புடைய ஒரு பைட், எழுத்துத் தொகுதியையே மாற்றிவிடக்கூடும். அதன்பின் தட்டும் சிறிய ஆங்கில எழுத்துகள் கோடுகளும் குறிகளுமாகத் தெரியும். கிளியர் கட்டளை திரையைத் துடைக்குமே தவிர, இதைச் சரிசெய்யும் என்று நம்பக்கூடாது. ரீசெட் என்று தட்ட வேண்டும். என்டர் விசையும் கெட்டிருந்தால் கண்ட்ரோல்-ஜே, ரீசெட், மீண்டும் கண்ட்ரோல்-ஜே. நானும் இப்படிக் கண்மூடித் தட்டித்தான் பலமுறை மீண்டிருக்கிறேன்.

அடுத்த முறை வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பும்போது வரிசையைக் கவனியுங்கள். 2>&1 என்பது பிழைச் செய்திகளையும் வழக்கமான வெளியீடு போகும் இடத்துக்கே அனுப்பும் குறி. அதை முன்னே எழுதிக் கோப்பைப் பின்னே குறித்தால், பிழைச் செய்திகள் மட்டும் திரையிலேயே கொட்டும்; கோப்பின் பெயருக்குப் பிறகே அது வர வேண்டும்.