எல்லையோரத் தொழிற்சாலையில் லைன் நடத்துவது: டார்கெட், போர்டு, ஒழுங்கு

தமிழக-ஆந்திர எல்லையில் கும்மிடிப்பூண்டி, தடா, சத்தியவேடு வட்டாரத்தில் வாகன உதிரிபாக யூனிட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தால் முதல் நாளே ஒரு எண்ணைக் கையில் கொடுப்பார்கள்: ஷிப்டுக்கு இத்தனை பீஸ். அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல மாட்டார்கள். வேலை செய்பவர் தானே கணக்குப் போட்டுச் சரிபார்க்க முடிகிற எண்ணுக்குத்தான் அவர் கட்டுப்படுவார். சரிபார்க்க முடியாத எண்ணுக்குத் தப்பிக்கும் வழியைத்தான் தேடுவார். அதனால் முதல் வேலை, எண்ணை நேர்மையாகக் கட்டுவது.

வயர் ஹார்னஸ் (வண்டியின் மின்வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) லைனில் கனெக்டருக்குள் வயர் செருகும் மேடையை எடுத்துக்கொள்வோம். ஸ்டாப்வாட்சை ஒளித்து வைக்காமல், சொல்லிவிட்டு அளக்க வேண்டும். மூன்று பேரிடம், ஆளுக்கு 20 முதல் 30 சுற்று. லைனிலேயே வேகமான கையை மட்டும் அளப்பதுதான் எல்லா யூனிட்டிலும் நடக்கும் தவறு. அந்த வேகம் மற்றவர்களுக்கு மதியத்துக்கு மேல் நிற்காது. காலையில் ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை அளந்து சராசரி எடுங்கள். 50 விநாடி வருகிறது என்று வைத்துக்கொண்டால், களைப்புக்கும் சொந்தத் தேவைக்கும் 12 சதவீதம் சேர்த்து 56 விநாடி. 480 நிமிட ஷிப்டில் சாப்பாடு 30, இரண்டு டீ 20, தொடக்கத்தில் மேடை தயார் செய்ய 10 போனால் மிச்சம் 420 நிமிடம், அதாவது 25,200 விநாடி. 56 ஆல் வகுத்தால் 450 பீஸ்.

இந்தக் கணக்கை அப்படியே லைன் முகப்பில் ஒட்டிவிடுங்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்று எழுதும் மணிவாரி போர்டில் எல்லா மணிக்கும் ஒரே எண் எழுதக் கூடாது. முழு மணிக்கு 64, டீ வரும் மணிக்கும் தொடக்க மணிக்கும் 53, சாப்பாட்டு மணிக்கு 32. 450ஐ எட்டு மணிக்கும் 56 பீஸ் என்று சமமாகப் பிரித்துப் போட்டால் சாப்பாட்டு மணி தினமும் சிவப்பில் நிற்கும். இரண்டு வாரத்தில் யாரும் சிவப்பைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

போர்டில் உண்மையான உயிர், கடைசிக் கட்டம்: நின்ற நிமிடமும் காரணமும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் எழுத வேண்டும். காரணங்கள் ஆறு போதும்: மெட்டீரியல், மெஷின், டூல், குவாலிட்டி ஹோல்டு (தரச் சந்தேகத்தில் நிறுத்தி வைப்பது), ஆள், கரன்ட். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள், 1 முதல் 6 வரை. இந்தப் பக்கம் பாதிப் பேர் தமிழ் மட்டும் படிப்பார்கள், பாதிப் பேர் தெலுங்கு மட்டும். இரண்டையும் பேசத் தெரிந்தவர்கள்கூட ஒன்றைத்தான் எழுதுவார்கள். எண் என்றால் யாருக்கும் தடை இல்லை. எழுதியதற்குப் பதில் வரவேண்டும்: லைன் நின்றதைக் காட்டும் விளக்கு எரிந்தால் 3 நிமிடத்தில் சூப்பர்வைசர், 10 நிமிடத்தில் மெயின்டனன்ஸ், 20 நிமிடத்தில் புரொடக்ஷன் மேனேஜர் மேடைக்கு வர வேண்டும். எழுதியும் யாரும் வரவில்லை என்றால் போர்டில் பொய் தொடங்கும். நின்ற நேரத்தை மறைத்து, அடுத்த மணியில் அவசரமாக ஈடுகட்டுவார்கள்.

அந்த அவசரத்தில் போவது என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். வயரைச் செருகும்போது தள்ளு, 'டக்' சத்தம் கேள், மெதுவாக இழு என்று மூன்று அசைவு. இழுத்துப் பார்ப்பதில்தான் டெர்மினல் (வயர் நுனியில் இருக்கும் உலோக முனை) பூட்டிக்கொண்டதா என்று தெரியும். பீஸ் எண்ணிக்கையை மட்டும் கேட்டால் முதலில் விடுபடுவது இந்த இழுப்பு. பிறகு வண்டி ஓடும்போது டெர்மினல் பின்வாங்கி இணைப்பு போகும். டெர்மினலை வயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பிங் மேடையிலும் இதே கதைதான்: முதல் பீஸில் கிரிம்ப் உயரத்தை மைக்ரோமீட்டரில் பார்ப்பதும் இழுவிசைச் சோதனையும் நின்றுவிடும். ஆகவே இந்தச் சோதனைகளுக்கான நேரமும் அளந்த நேரத்துக்குள் இருக்க வேண்டும், நல்ல பீஸை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும்.

ஊக்கத்தொகையில் மிகவும் கவனம் தேவை. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்து ஹாதார்ன் ஆலையில் 1931-32ல் 14 ஆண்கள் கொண்ட வயரிங் குழுவைத் தனி அறையில் வைத்துக் கவனித்தார்கள். குழுவாக அதிகம் செய்தால் அதிகக் கூலி கிடைக்கும். ஆனாலும் ஆளுக்கு நாளைக்கு இரண்டு எக்விப்மென்ட் (அவர்கள் வயரிங் செய்த தொலைபேசி இணைப்பகக் கருவித் தொகுதி) போதும் என்று தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தார்கள். மிஞ்சிச் செய்பவர் தோளில் குத்து வாங்குவார். அதிகம் செய்தால் முதலாளி ரேட்டைக் குறைப்பார், ஆளையும் குறைப்பார் என்ற பயமும் இதற்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். இன்று 450க்கு மேல் ஊக்கத்தொகை என்று அறிவித்து, லைன் 500ஐத் தொட்டதும் டார்கெட்டை 500 ஆக்கினால் அதே பயம் இங்கும் வரும், அதன்பின் 450ஐத் தாண்டாது. மெஷினோ ஜிக்கோ (பீஸைப் பிடித்து வைக்கும் சட்டம்) முறையோ மாறினால் ஒழிய அளந்த நேரம் மாறாது என்று எழுதிக் கையெழுத்திட்டு ஒட்டுங்கள். தொகையை ஆளுக்கு ஆள் வைக்காமல் லைனுக்கு வையுங்கள். கிரிம்பிங் கெட்டால் செருகுபவர் என்ன செய்வார்?

வருகை போனஸில் 'ஒரு நாள் லீவு போட்டால் முழுத்தொகையும் போச்சு' என்ற விதி வேண்டாம். ஒரு நாள் விட்டவருக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் விடுவதில் மேற்கொண்டு இழக்க எதுவும் இல்லாமல் போகும். லீவு இல்லாதவருக்கு முழுத்தொகை, ஒரு நாளுக்கு 70 சதவீதம், இரண்டு நாளுக்கு 40 என்று படிப்படியாக இறக்குங்கள். கம்பெனி பஸ் ஊத்துக்கோட்டையிலிருந்தோ சூளூர்பேட்டையிலிருந்தோ தாமதமாக வந்தால் அதை ஆள் கணக்கில் ஏற்றாதீர்கள். பண்டிகைக் காலண்டரை ஜனவரியிலேயே போடுங்கள். பொங்கலும் சங்கராந்தியும் ஒரே நாள்கள், லைனே காலி. அதற்கு முன்கூட்டியே ஸ்டாக் கட்டுவதுதான் வழி. உகாதி அன்று தமிழர்களையும், சித்திரை முதல் தேதி தெலுங்கர்களையும் வைத்து ஓட்டலாம், ஒவ்வொரு மேடைக்கும் வேலை தெரிந்தவர் மூன்று பேராவது இருந்தால்.

பேச்சும் நிர்வாகத்தில் ஒரு பகுதி. தெலுங்கு ஆளைத் தமிழ் சூப்பர்வைசர் 'ஏம்ரா' என்று கூப்பிட்டால் அன்றைக்கே ஒரு பகை தொடங்கும். தெலுங்கில் மரியாதைக்குச் சேர்க்கும் 'அண்டி' சேர்த்துப் பேசப் பழகுங்கள். தமிழ் ஆளிடமும் 'வாங்க, போங்க'தான்.

ஒழுங்கு நடவடிக்கையில் அவசரம் ஆகாது. 15 நிமிடம் தாமதம் என்று அரைநாள் சம்பளம் பிடிக்க முடியாது. வராத நேரத்துக்கு உரிய விகிதம்தான். அபராதம் என்றால் அதற்கான செயல்கள் அரசு ஒப்புதலோடு பட்டியலிட்டு ஒட்டப்பட்டிருக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், அந்த ஊதியக் காலத்துச் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தவணையில் பிடிக்கக் கூடாது, விதித்த நாளிலிருந்து 90 நாளுக்குப் பின்னும் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் தொழிலாளர் நலனுக்கு மட்டுமே. குற்றச்சாட்டுக் கடிதத்தில் தேதி, மணி, இடம், செயல் நான்கும் இருக்க வேண்டும். 'ஒழுங்கீனமாக நடந்தார்' என்று மட்டும் எழுதினால் விசாரணையில் நிற்காது. கடிதம் அவர் படிக்கும் மொழியில் இருக்கட்டும். புகார் கொடுத்தவரே விசாரிக்கக் கூடாது. சஸ்பென்ஷனில் வைத்தால் முதல் 90 நாளுக்குச் சம்பளத்தில் பாதியைப் பிழைப்புப்படியாகக் கொடுக்க வேண்டும். அதன்பின் தாமதத்துக்கு அவர் காரணம் இல்லையென்றால் 75 சதவீதம். கடிதம் அடிப்பதற்கு முன் அந்த வாரத்து போர்டை எடுத்துக் காரண எண்களைப் பாருங்கள். 1ம் 2ம் நிறைந்திருந்தால் கூப்பிட வேண்டியது ஸ்டோர்ஸையும் மெயின்டனன்ஸையும்.