சிங்கப்பூர் – நியூயார்க்: வான்வழித் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

அக்காவின் பிரசவத்துக்காக நியூயார்க் புறப்பட்ட அம்மா, "எத்தனை மணி நேரம்டா உட்கார்ந்தே போகணும்?" என்று கேட்டபோது, தேடிப் பார்த்துச் சொல்லாமல் நானே கணக்கிட உட்கார்ந்தேன். அப்போது போட்ட கணக்கு இது.

முதலில் இரு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். கணினியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, நிலையத்தின் மீது வலது சொடுக்கினால் முதல் வரியிலேயே அவை வந்துவிடும். சாங்கிக்கு 1.36, 103.99, ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கு 40.64, −73.78.

அந்தக் கழித்தல் குறியைக் கவனியுங்கள். நான் அதை விட்டுவிட்டு எழுதியதால் விடை 5,320 கி.மீ. என்று வந்தது. சிங்கப்பூரிலிருந்து லண்டனே ஏறத்தாழ 10,900 கி.மீ. இருக்கும்போது, அதையும் தாண்டிய நியூயார்க் எப்படிப் பாதித் தூரத்தில் இருக்க முடியும்? குறியில்லாத அந்த எண்களை மேப்ஸில் இட்டுப் பார்த்தேன். கிர்கிஸ்தான் மலைகளுக்கு நடுவே போய் நின்றது. மேற்குத் தீர்க்கரேகைக்கும் தெற்கு அட்சரேகைக்கும் கழித்தல் குறி கட்டாயம்.

இனி, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கி ஓரிடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் கொசைன் மதிப்புகளைத் தீர்க்கரேகை வேறுபாட்டின் (177.77 டிகிரி) கொசைனுடன் பெருக்கி, முன்னதோடு கூட்டினால் −0.7426 கிடைக்கும். அதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹) 137.95 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 15,340 கி.மீ. கூகுள் ஷீட்ஸில் செய்பவர்கள் டிகிரியை ரேடியனாக மாற்றிய பிறகே சைன், கொசைன் போட வேண்டும். அந்தத் தொல்லை இல்லாத சயின்டிஃபிக் கால்குலேட்டரே எனக்குப் பிடித்தது. சரிபார்க்க, 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையில் இரு ஊர்களுக்கும் இடையே நூலை இழுத்துப் பிடித்து அளந்தேன்: 36 செ.மீ. இருந்தது; நூல் வட துருவத்தை ஒட்டிச் சென்றது.

நேரத்துக்கு, மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 17 மணி நேரம் வரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது, நேர்வழியை விட்டு விலகுவது ஆகியவற்றையும் சேர்த்தால் பதினெட்டரை முதல் 19 மணி வரை ஆகும்.

சென்று சேரும் நேரம் வேறு கணக்கு. திங்கள் இரவு 11:30க்குப் புறப்பட்டுப் பதினெட்டரை மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6:00. நியூயார்க் கோடையில் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே செவ்வாய் காலை 6:00. குளிர்காலத்தில் 13 மணி நேரம் என்பதால் 5:00.

பிற்சேர்க்கை: நூல் காட்டிய வழியில் விமானம் போகவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். மேற்கிலிருந்து கிழக்கே வீசும் உயர்வானக் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளும் என்பதால், போகும்போது பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் செல்வதுண்டு. தூரம் கூடினாலும் நேரம் குறையும்.