எஞ்சின் கணினியில் புதிய மேப் ஏற்றும் முறை

டர்போ பொருத்திய ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின் கணினியில் கை வைப்பதற்கு முன், அதிலுள்ள மூலக் கோப்பைப் (எரிபொருள், பற்றவைப்பு, பூஸ்ட் அளவுகளைத் தீர்மானிக்கும் 'மேப்') படித்தெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஏற்றும்போது மின்னழுத்தம் சரிந்தால் கணினியே செயலிழக்கக்கூடும் என்பதால், பேட்டரியோடு சார்ஜரை இணைத்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

பூஸ்ட்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, சிறிது சிறிதாகவே உயர்த்துங்கள். கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் எஞ்சினுக்குள் போகும் காற்று சூடேறுவதால், காலையில் சீராக ஓடிய அதே மேப் பிற்பகலில் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்து எரிவது) கொடுக்கலாம். தகர டப்பாவில் கூழாங்கற்களைக் குலுக்குவது போன்ற அந்தச் சத்தம் கேட்டால், உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் பிளக் தீப்பொறி விடும் நேரம்) ஓரிரு டிகிரி குறையுங்கள். முழு ஆக்சிலரேட்டரில் லாம்டா (காற்று-எரிபொருள் விகிதத்தின் அளவு; 1-க்குக் கீழே போனால் எரிபொருள் அதிகம்) 0.85-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது என் வழக்கம்.

சோதனையை டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டி எஞ்சின் திறனை அளக்கும் கருவி) மட்டுமே செய்யுங்கள். தொப்பூர் கணவாய் எத்தனையோ உயிர்களைக் காவு வாங்கிய சாலை. அங்கே வேண்டவே வேண்டாம்.