போலி நாணயம் மறுபடி மறுபடி சந்தைக்கு வருவது எப்படி? சேகரிப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போலிப் பழங்காசு வியாபாரம் ஓயாமல் நடப்பதற்குப் போலி செய்பவரின் கைத்திறன் மட்டும் காரணமல்ல. சந்தையில் திரிகிற போலிகளில் பெரும்பாலானவை ஒரு தராசுக்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற கைலென்ஸுக்கும் முன்னால் நிற்காது. பிடிபட்ட காசு சந்தையை விட்டு வெளியேறுவதில்லை என்பதுதான் சிக்கல். அதற்கு வழிவிடுவது பல சமயம் வாங்கியவரே.

சத்தமில்லாமல் திருப்பி அனுப்புவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இது. இணையத்தில் வாங்கிய காசு போலி என்று தெரிகிறது. விற்றவரிடம் சொன்னால் மறுபேச்சில்லாமல் பணத்தைத் தருகிறார். காசு அவரிடம் திரும்பிப் போகிறது, அடுத்த வாரம் வேறொரு கணக்கில் விற்பனைக்கு வருகிறது. பணம் உடனே கிடைத்ததை நேர்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்து பேரில் ஒருவர் கண்டுபிடிப்பார், அவருக்குப் பணத்தைக் கொடுத்து வாயை அடைத்துவிடலாம் என்பது அந்தத் தொழிலின் கணக்கு.

திருப்பி அனுப்பும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. இரு முகங்களையும் ஓரத்தையும் படமெடுங்கள். காசு தராசின் மேல் இருக்கும்போது எடை தெரியும்படி ஒரு படம் எடுங்கள். விளம்பரப் பக்கத்தை விற்பவர் பெயர், பொருள் எண், தேதியோடு முழுதாகச் சேமியுங்கள். புகார் போன மறுநிமிடமே அந்தப் பக்கம் காணாமல் போகலாம். புகாரில் காரணத்தைத் தேர்வு செய்யும் இடத்தில் ‘மனம் மாறிவிட்டது’, ‘விவரத்தோடு பொருந்தவில்லை’ என்று பொதுவாகப் போடாமல் ‘போலி’ என்றே குறியுங்கள். மற்றக் காரணங்கள் விற்பவரின் கணக்கில் சாதாரணத் திருப்பலாகவே பதிவாகும். போலி என்று உறுதியானால் பொருளைத் திருப்பி அனுப்பாமலே பணம் தரும் விதி அந்தத் தளத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்கு மூன்றாம் நபரின் எழுத்துச் சான்று தேவைப்படலாம். வாங்கியவருக்கு அது அலைச்சல்தான்.

கள்ளப் பணப் புகாராகக் கொடுப்பது

கள்ளப் பணத்தைத் தடுக்கும் 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் அதையொட்டிய பல சட்டங்களும் புழக்கத்தில் இருக்கும் பணத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பழங்காசு பல நாடுகளில் அந்த வரையறைக்குள் வராது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஹோசே பெராஹா என்பவர் இத்தாலியில் ஆங்கிலேய சவரன் என்ற தங்கக் காசுகளைப் போலியாக அடித்து விற்றார். தங்க அளவில் பெரிய குறை இல்லை. சவரனுக்குத் தங்கத்தின் மதிப்பை விடக் கூடுதலாகக் கிடைத்த விலைதான் அவருடைய லாபம். சுவிட்சர்லாந்தில் இருந்த அவரை ஒப்படைக்கக் கேட்டபோது, சவரன் இப்போது செலாவணிப் பணம் அல்ல என்ற வாதம் அங்கே வென்றது. கடைசியில் அந்த வியாபாரத்தை நெருக்கியதில் பொருளாதாரத்துக்கும் பங்குண்டு. பிரிட்டன் 1957இல் மீண்டும் சவரன் அடிக்கத் தொடங்கியதற்கு, அந்தக் கூடுதல் விலையைக் குறைத்துப் போலிகளின் லாபத்தைக் கெடுப்பது ஒரு காரணம்.

எனவே புகாரை மோசடிப் புகாராக எழுதுங்கள். என்ன சொல்லி விற்றார், எவ்வளவு வாங்கினார், கையில் வந்தது என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். விற்பவரின் சொற்களை அப்படியே சேர்ப்பது முக்கியம். ‘தாத்தா பெட்டியில் கிடைத்தது, எனக்கு நாணயம் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று எழுதியவர் பின்னால் தப்பிக்கும் வழியை முன்கூட்டியே போட்டுவைத்திருக்கிறார். அதே கணக்கில் அதே தாத்தாவின் பெட்டியிலிருந்து நாற்பது வெள்ளி டாலர்கள் விற்றிருந்தால் அந்தப் பட்டியலையும் இணையுங்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே சட்டம் உண்டு. 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, அங்கே செய்யப்படும் அல்லது இறக்குமதியாகும் நகல் நாணயத்தில் நகல் என்பதற்கான ஆங்கிலச் சொல் (COPY) பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2014இல் வந்த திருத்தம் விற்பவரையும், தெரிந்தே அவருக்குக் கணிசமாக உதவுபவரையும் பொறுப்பாக்கியது. ஆனால் செய்பவர் வேறொரு நாட்டில் இருந்துகொண்டு, சிறு பொட்டலங்களாகத் தபாலில் அனுப்பும்போது அந்தச் சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது.

ஒற்றைச் சோதனையை நம்புவது

காந்தத்தில் ஒட்டவில்லை என்றால் வெள்ளி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பித்தளை, செம்பு, ஈயம் எதுவுமே ஒட்டாது. காந்தச் சோதனை இரும்புப் போலியைக் கழிக்க மட்டும்தான் உதவும்.

எடை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. மார்கன் டாலர் என்ற பழைய அமெரிக்க வெள்ளிக்காசின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மி.மீ. வெள்ளிப்பூச்சுப் பித்தளையில் எடையைச் சரிக்கட்ட வேண்டுமானால் காசைத் தடிமனாக்க வேண்டும். ஆகவே எடை, விட்டம், தடிமன் மூன்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். இன்னும் நல்லது ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரை விடக் காசு எத்தனை மடங்கு அடர்த்தி என்று பார்ப்பது. தராசில் தண்ணீர்க் கிளாஸை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுதாக மூழ்கவிடுங்கள். காசின் உலர் எடையை அப்போது தராசு காட்டும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி கிடைக்கும். 90 சதவீத வெள்ளிக்கு அது 10.3 அருகில் வர வேண்டும். மார்கனுக்குத் தராசு சுமார் 2.59 காட்டும், பித்தளையென்றால் 3.1க்கு மேல் போகும்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழைகள் இரண்டு. எழுத்துகளின் இடுக்கில் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டால் அடர்த்தி குறைவாகத் தெரியும், நல்ல காசும் போலியாகிவிடும். தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டால் சரியாகும். மற்றது, சின்னக் காசுக்கு 0.01 கிராம் தராசைப் பயன்படுத்துவது. 2.5 கிராம் வெள்ளிக்காசு வெளியேற்றும் தண்ணீர் 0.24 கிராம்தான். அதில் 0.01 பிசகினாலே விடை 4 சதவீதம் தவறும். அதற்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும்.

தங்கத்தில் இதையும் முழுதாக நம்ப முடியாது. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் என்ற உலோகத்தினுடையது 19.25; அதன்மேல் தங்கம் பூசினால் அடர்த்தி காட்டிக்கொடுக்காது.

இத்தனைக்கும் முன்னால், காசு கூடத் தேவைப்படாத சோதனை ஒன்று உண்டு: அந்த ஆண்டில் அந்த நாணயச்சாலை அந்தக் காசை அடித்ததா? மார்கன் டாலர் 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921இலும் அடிக்கப்பட்டது. நம் காலத்தில் 2021இல்தான் மறுபடி வந்தது. ஆனாலும் 1878க்கு முந்தைய ஆண்டு போட்ட மார்கன்கள் கூசாமல் விற்பனைக்கு வருகின்றன.

ஒரே காசைத் தனியாகப் பார்ப்பது

நல்ல போலிகள் வார்ப்பில் வருவதில்லை. அசல் காசிலிருந்து அச்சை நகலெடுத்து, அதைக் கொண்டு அடிக்கிறார்கள். அப்போது அந்த அசல் காசில் இருந்த அடிபட்ட பள்ளங்களும் கீறல்களும் அச்சுக்குள் போய், அதில் அடித்த ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் வரும். இரண்டு காசுகளில் ஒரே பள்ளம் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டையுமே சந்தேகியுங்கள். மேடான கோடுகள் திரும்ப வருவது வேறு விஷயம்: அசல் அச்சில் விழுந்த விரிசலும் கீறலும் காசில் மேடாகத்தான் தெரியும், அது நல்ல காசிலும் பல முறை வரும். இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல காசைப் போலி என்று அறிவிப்பதும் நடக்கிறது. படங்களைச் சேர்த்துவைத்து ஒப்பிடும் குழுக்கள்தான் தனி ஆளை விட இதில் வேகமாகப் பிடிக்கின்றன.

காசைச் சோதித்துத் தரச்சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நிறுவனங்களின் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காசுக்கும் இதே கதைதான். பெட்டியும் போலியாக வருகிறது, அதில் உண்மையான சான்று எண்ணையே அச்சடிக்கிறார்கள். இணையத்தில் எண்ணைத் தேடினால் சரியாகவே வரும். எண்ணோடு நிற்காமல், அங்கே படம் இருந்தால் காசின் முகத்தில் உள்ள கறை, கீறல்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள். ஒரே சான்று எண் ஒரே சமயத்தில் இரண்டு இடங்களில் விற்பனைக்கு இருந்தால் குறைந்தது ஒன்று போலி.

மலிவான காசைப் போலி செய்ய மாட்டார்கள் என்பது

1950களில் பிரான்சிஸ் லெராய் ஹென்னிங் என்பவர் அமெரிக்காவின் ஐந்து சென்ட் காசையே போலியாக அடித்தார். 1944ஆம் ஆண்டுக் காசின் பின்பக்கத்தில் கட்டடத்தின் மேலே, எந்த நாணயச்சாலை என்று காட்ட இருக்க வேண்டிய பெரிய எழுத்தை விட்டுவிட்டதுதான் காட்டிக்கொடுத்தது. இன்று அந்தப் போலிகளையே தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ஆய்வுக்கென்று வைத்திருக்கும் போலி, வைத்திருப்பவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கையில் நல்ல காசோடு சேர்ந்து விற்கப்படும். உறைமேல் எழுதிவைப்பது போதாது, உறை தொலையும். குறி காசிலேயே இருக்க வேண்டும். நகல்களுக்கான அமெரிக்க விதி எழுத்தின் உயரம் குறைந்தது 2 மி.மீ., சொல்லின் அகலம் 6 மி.மீ. என்கிறது, ஆழமும் 0.3 மி.மீ. அல்லது காசின் தடிமனில் பாதி, இதில் எது குறைவோ அது. சொந்தப் போலிக்கும் இதே அளவு பொருந்தும். குறியை ஓரத்தில் போட வேண்டாம், அரத்தால் இரண்டு நிமிடத்தில் தேய்த்துவிடுவார்கள். முகத்தில், உருவத்தின் மேலேயே விழும்படி குத்துங்கள்.