தொண்டையைச் செருமினால் காத்திருக்காதீர்கள்

என் மகளுக்கு இறால் ஒவ்வாது. அன்று அவள் இறாலைத் தொடவே இல்லை. சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்து உணவங்காடியில் கங்கோங் கீரைதான் சாப்பிட்டாள். அதன் சம்பலில் பெலாச்சான், அதாவது புளித்த இறால் விழுது, இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஐந்தே நிமிடத்தில் தொண்டையைச் செருமத் தொடங்கினாள். குரல் கரகரத்தது, காதுமடல்கள் சிவந்தன. ஒவ்வாமை மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் ஊசிப் பேனாவும் அதே கைப்பையில்தான் இருந்தது. அவள் வாந்தி எடுத்து, மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகே அது நினைவுக்கு வந்தது. பிழைத்தாள். ஆனால் அந்தத் தாமதத்தை நான் மன்னிக்கவில்லை.

மாத்திரை அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுக்குழாய் சுருங்குவதையும் இரத்த அழுத்தம் சரிவதையும் அதனால் தடுக்க முடியாது. அதற்கு அட்ரினலின் மட்டுமே.

ஒவ்வாத உணவு உள்ளே போன பின் குரல் மாறினாலோ, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இரைத்தாலோ, மயக்கம் வந்தாலோ ஊசியை உடனே போடுங்கள். தோலில் தடிப்பே இல்லாமலும் கடும் ஒவ்வாமை வரும், தடிப்புக்காகப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

எங்கள் பேனாவில் நீல மூடியைக் கழற்றி, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கம், நடுப்பகுதியில், சொடுக்கும் ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். உடைக்கு மேலேயே போடலாம். எத்தனை விநாடி பிடிப்பது என்பது பேனாவுக்குப் பேனா மாறும். உறையில் இருப்பதை இன்றே படித்துவையுங்கள். கட்டைவிரலை எந்த முனையிலும் வைக்காதீர்கள்.

ஊசி போட்டதும் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரட்டும். மின்தூக்கிவரை நடத்திக் கூட்டிப்போவது ஆபத்து, எழுந்து நிற்பதிலேயே இரத்த அழுத்தம் சட்டென விழலாம். ஐந்து நிமிடத்துக்குப் பிறகும் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும், சில மணி நேரம் கழித்து மீண்டும் வரக்கூடும்.

கடையில் "இறால் இருக்கிறதா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், பொய்யும் அல்ல. பெலாச்சான், உலர்ந்த இறால் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பழமும் காயும் கலந்த ரோஜாக்கில் இறால் விழுதும் வேர்க்கடலையும் சேர்ந்தே இருக்கும்.

இப்போது இரண்டு பேனா மகளோடு, இன்னும் இரண்டு பேனா வீட்டில். வெயிலில் காரில் விடுவதில்லை. என் மாமியார் ஊசியில்லாத பயிற்சிப் பேனாவைச் சேலைக்கு மேலேயே தொடையில் அழுத்திப் பழகிவிட்டார். மாதம் ஒருமுறை அவரே ஊசிப் பேனாக்களை எடுத்துக் காலாவதித் தேதியைப் பார்க்கிறார்.