பிரேக் பேட் மாற்றுவதில் நடக்கும் தவறுகள்: கடற்கரை ஊர் வண்டிகளுக்கு

பைக், ஸ்கூட்டரின் முன் சக்கர டிஸ்க் பிரேக்கில் 'கர்ர்' என்று இரும்பு உரசும் சத்தம் வந்த பிறகுதான் பலரும் பேட் மாற்ற வண்டியைக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போது லைனிங் (டிஸ்க்கில் உரசிப் பிடிக்கும் பேடின் மேல்பகுதி) முழுக்கக் கரைந்து, பின்னால் இருக்கும் இரும்புத் தகடே டிஸ்க்கைச் செதுக்க ஆரம்பித்திருக்கும். பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்க் வரைக்கும் இழுத்துவிடும்.

கிலோமீட்டர் கணக்கும் கைகொடுக்காது. ஈசிஆரில் நிதானமாகப் போய்வருபவருக்கு ஒரு செட் 20,000 கிலோமீட்டர் வரலாம். கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் பத்தடிக்கு ஒருமுறை லிவரை அமுக்குபவருக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம். பார்க்க வேண்டியது லைனிங்கின் கனத்தை. புது பேடில் அது பெரும்பாலும் 4 மி.மீ. அளவில் இருக்கும். 2 மி.மீ.க்கு வந்ததும் புது செட் வாங்கி வையுங்கள், 1.5-ல் மாற்றிவிடுங்கள். 1 மி.மீ.தான் மிச்சம் என்றால் வண்டியை ரோட்டில் இறக்காதீர்கள். பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வியிருக்கும் காலிப்பரின் பின்பக்கமாக செல்போன் டார்ச்சை அடித்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துப் பாருங்கள். நாணயத்தின் கனம் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. லைனிங் அதைவிட மெலிந்திருந்தால் தள்ளிப்போட வேண்டாம். பேடில் பள்ளக்கோடு வெட்டியிருந்தால், அது மறைந்ததும் மாற்ற வேண்டும். தகட்டின் கனத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு 'இன்னும் நிறைய இருக்கே' என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. தகடு கணக்கில் வராது.

ஒரு பக்கத்துப் பேடை மட்டும் பார்ப்பது

நம் ஊர் வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கழற்றிக் கையில் எடுத்தால் ஒரு பேடில் 3 மி.மீ. லைனிங் இருக்கும், ஜோடிப் பேடில் தகடு தெரியும். காரணம் பேடில் இல்லை, காலிப்பர் நகரும் இரும்புக் கம்பியான ஸ்லைடு பின்னில் இருக்கிறது. ஒற்றைப் பிஸ்டன் (ஆயில் அழுத்தத்தில் பேடைத் தள்ளும் உருளை) காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல் நகரக்கூடியது. பிஸ்டன் தன் பக்கத்துப் பேடை டிஸ்க்கில் அழுத்தும்போது காலிப்பர் உடம்பு எதிர்த்திசையில் நகர்ந்து மறுபக்கப் பேடை இழுத்து அழுத்த வேண்டும். பின் இறுகிவிட்டால் அந்த நகர்வு நடக்காது. பிஸ்டன் பக்கத்துப் பேட் மட்டும் வேலை செய்து தேயும், மற்றது சும்மா நிற்கும்.

தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம் பக்கம் இரவெல்லாம் வெளியே நிற்கும் வண்டிக்கு உப்புக்காற்றே போதும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறையில் சின்னக் கிழிசல் விழுந்தால் ஈரம் இறங்கி, கிரீஸ் காய்ந்து, துரு பிடிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின் வந்ததுபோன்ற வெள்ளத்தில் சக்கரம் மூழ்க நின்ற வண்டி என்றால், பேட் நன்றாகத் தெரிந்தாலும் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டு பேடுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் புது பேட் போடுவதற்கு முன் பின்களை உருவி, துருவைத் துடைத்து, பச்சைப்பயறு அளவு சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பரை ஊதவைத்து பின்னை இன்னும் இறுக்கும். விரலால் தள்ளினால் காலிப்பர் தடையில்லாமல் போய்வர வேண்டும். பேட் எப்போதும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், தேயாத பக்கத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது.

காலையில் முதல் இரண்டு மூன்று பிரேக்கில் மட்டும் உரசல் சத்தம் வந்து நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். இரவு ஈரத்தில் டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது.

பிரேக் ஆயில் குறைந்ததும் ஊற்றுவது

லைனிங் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், டப்பாவில் ஆயில் மட்டம் இறங்கும். ஆகவே மட்டம் குறைந்தால் முதலில் பேடைப் பாருங்கள், பிறகு ஒழுகலைத் தேடுங்கள். தேய்ந்த பேடோடு மேல்கோடு வரை ஊற்றி வைத்தால், புது பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் வழிந்து பெயின்டைத் தின்றுவிடும். வழிந்தால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஈரத்தை உறிஞ்சும் இயல்பும் பிரேக் ஆயிலுக்கு உண்டு. கடலோரக் காற்றில் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே ஆயில் ஓட்டுவது நல்லதல்ல. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும்.

மாட்டும்போது

வெளியே நீண்டிருக்கும் பிஸ்டனில் அழுக்கும் உப்பும் ஒட்டியிருக்கும். அப்படியே உள்ளே தள்ளினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கிழியும், பிறகு பிஸ்டன் திரும்பாது. சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷும் வைத்துத் தேய்த்துத் துடைத்தபின், பழைய பேடைப் பிஸ்டன் மேல் வைத்து நேராக அழுத்துங்கள். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்ப வேண்டாம். டிஸ்க்கிலேயே குறைந்தபட்ச கனம் பொறித்திருக்கும். வெர்னியர் அளவுகோலில் அளந்து அதற்குக் கீழே போயிருந்தால் டிஸ்க்கையும் மாற்றுங்கள்.

மாட்டி முடித்ததும் லிவர் கெட்டியாகும் வரை திரும்பத் திரும்ப அமுக்குங்கள். பிஸ்டன் உள்ளே போய் இருப்பதால் முதல் சில அமுக்கில் லிவர் கைப்பிடி வரை வந்துவிடும், பிரேக் துளியும் பிடிக்காது. இதை மறந்துவிட்டுக் கடை வாசலிலிருந்து நேரே ரோட்டில் இறங்குவது உயிருக்கே ஆபத்து.

எதை வாங்குவது

100 முதல் 160 சிசி வரையிலான அன்றாட வண்டிக்குக் கம்பெனி பேடே போதும். பெரும்பாலும் அவை ஆர்கானிக் அல்லது செமி மெட்டாலிக் வகை. டிஸ்க்கைச் சேதப்படுத்தாது, ஆறிய நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும். உலோகத் தூளைச் சூட்டில் இறுக்கிச் செய்யும் சின்டர்டு பேட் மழையிலும் அதிக சூட்டிலும் உறுதியாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்கென்று செய்யாத டிஸ்க்கை அது வேகமாக அரித்துவிடும். வண்டி வாங்கும்போதே சின்டர்டு வந்திருந்தால் அதையே தொடருங்கள். தகட்டின் பின்னால் இரண்டு எழுத்து இருந்தால், முதலாவது ஆறிய நிலைப் பிடிப்பு, இரண்டாவது சூடேறிய நிலைப் பிடிப்பு. எஃப்எஃப்-ஐவிட ஜிஜி, அதைவிட ஹெச்ஹெச் அதிகம் பிடிக்கும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று மட்டமான பேட் போடாதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது மட்டுமே அதன் வேலை.

வாட்டர் சர்வீஸில் டீசல் அடிக்கச் சொல்பவர்கள் டிஸ்க்கை மூடச் சொல்லுங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாளில் தேய்த்தாலும் பயனில்லை, புதிதுதான் போட வேண்டும்.

புது பேட் டிஸ்க்கோடு சேர நேரம் எடுக்கும். ரோடு காலியாக இருக்கும் அதிகாலையில், 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, முப்பது தடவையாவது செய்யுங்கள். முதல் 300 கிலோமீட்டருக்கு அவசரம் தவிர அழுத்திப் பிடிக்க வேண்டாம். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் டார்ச்சை அடித்து இரண்டு பக்கமும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மெலிந்து தெரிந்தால் பின்னை மறுபடி உருவ வேண்டும்.